மாசிடோனியாவுக்கு உப்புப் பார்த்த கதை

அலெக்சாந்தர் சிந்து நதியைக் கடந்தபோது அவனுக்கு வயது முப்பது. நான் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு. அவனோடு ஒரு பெரும்படை வந்தது. நடந்த தூரத்தை அடி அடியாக அளந்து எழுதுவதற்கென்றே ஆட்களும் வந்தார்கள். என்னோடு வந்தவை ஒரு பெட்டி, ஒரு கம்பளிக் கோட்டு, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒரு பொட்டலம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் பொட்டலம் வாயைத் திறந்துவிட்டது. பிரெஞ்சுக் கரையில் என் பெட்டியை நோக்கிக் குனிந்த சுங்க அதிகாரி தும்மினார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் தும்மினார். திறந்துகூடப் பார்க்காமல் கையை அசைத்து என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். சரித்திரத்தில் இவ்வளவு எதிர்ப்பில்லாத படையெடுப்பு நான் படித்தவரை இல்லை.

சென்னையில் ஒரு வார இதழில் அலெக்சாந்தரைப் பற்றித் தொடர் எழுதிக்கொண்டிருந்தேன். மாசிடோனியாவில் புறப்பட்டவனை எகிப்து, பாரசீகம் எல்லாம் சுற்றிக் காட்டிப் பஞ்சாப் எல்லை வரைக்கும் நூலகத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். அப்போது ஒரு வாசகர் கேட்டார்: ‘ஐயா, தாங்கள் ஒரு கிரேக்கக் கல்லையாவது கண்ணால் பார்த்ததுண்டா?’ நான் பார்த்ததில்லை. அதைவிட வருத்தம், அந்தக் கேள்வியை ஆசிரியர் இதழில் அச்சிட்டதுதான். லண்டனில் மைத்துனன் வீட்டுக்குப் போக வாய்ப்பு வந்தபோது, திரும்பும் வழியில் பாரிசில் இறங்கி, காந்தாரத்திலிருந்து வந்திருக்கும் ஒரு புத்தர் தலையைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். கிரேக்க மூக்கும் சுருள் முடியுமாக, அப்போலோ தேவன் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்ததுபோல் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். நானும் அதையே என் தொடரில், நேரில் பார்த்தவனைப்போல, எழுதியிருந்தேன். லண்டனில் கிரேக்கக் கல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மைத்துனன் என்னை வீட்டுக்குப் பின்னால் புல் வெட்ட விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை மாலை வடக்கு ரயில் நிலையத்தில் தவராசா காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்து மூன்றுக்குப் பிறகு சென்னைக்கு வந்து எங்கள் வீட்டு மாடியில் சில மாதங்கள் குடியிருந்தவர். பிறகு அவர் மட்டும் பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தார். மனைவி சிவமலரும் மகளும் இன்னும் எங்கள் மாடியில்தான் இருக்கிறார்கள். கறித்தூள் சிவமலர் கொடுத்துவிட்டது. தவராசா என்னைக் கட்டிப்பிடித்தார்; தூள் ஏறியிருந்த என் கோட்டை ஆழமாக மோந்து பார்த்தார். அவர் கண்களில் நீர் வழிந்தது; அது மனைவியை நினைத்து வந்ததா, மிளகாயால் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

அவர் குடியிருக்கும் லா ஷப்பல் அங்கிருந்து நடக்கிற தூரம். தலைக்கு மேல் இரும்புத் தூண்கள் மீது மெட்ரோ ஓடுகிறது. தவராசாவின் அறை அந்த ரயிலின் உயரத்திலேயே இருந்ததால், நாம் பல் தேய்ப்பதை வேலைக்குப் போகிற பாரிஸ் முழுவதும் பார்த்துவிட்டுப் போகும். அறையில் ஐந்தாறு இளைஞர்கள். எல்லோரும் உணவகச் சமையலறைகளில் முறை வைத்து வேலை செய்கிறவர்கள். முறை வைத்தே தூங்குகிறவர்கள். ஒருவர் எழுந்த மெத்தையில் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுத்துவிடுகிறார். விருந்தாளி என்பதால் எனக்கு மட்டும் ஒரு மெத்தை இரவு முழுவதும் ஒதுக்கப்பட்டது. அதனால் யாருக்குத் தூக்கம் போனது என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கே தவராசா என்னைத் தான் வேலை செய்யும் கடைக்கு அழைத்துப் போனார். ஸ்டாலின்கிராட் என்ற மெட்ரோ நிலையத்துக்குப் போகும் பக்கம், மெட்ரோப் பாலத்துக்கு எதிரே ஒரு சின்னக் கிரேக்க உணவகம். பெயர்ப் பலகையில் குதிரை மீது அலெக்சாந்தர். குதிரையை வரைந்தவர் அதுவரை கழுதையைத்தான் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே ஆட்டிறைச்சி ஒரு நீளக் கம்பியில் செங்குத்தாகச் சுழன்றுகொண்டிருந்தது. உருவாக்கியவர் துருக்கியர், விற்பவர் கிரேக்கர், சீவிக் கொடுப்பவர் யாழ்ப்பாணத்தார், தின்பவர் பிரெஞ்சுக்காரர். அலெக்சாந்தர் கனவு கண்ட உலகப் பேரரசு ஒரு ரொட்டிக்குள் சுருண்டு கிடந்தது.

முதலாளி யானி ஐம்பதைத் தொட்டவர், மீசைக்காரர். அவருடைய தந்தை மாசிடோனியாவில் சலோனிக்காவுக்குப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து இந்தக் கடையைத் திறந்தவர். தந்தை காலமானதும் கடை தாய் எலேனி அம்மாள் பெயருக்கு வந்தது. அம்மாள் ஊருக்குத் திரும்பிவிட்டார். யானிக்கும் பாரிஸ் அலுத்துவிட்டது. மார்சேயில் மகளோடு போய் இருக்க ஆசை. கடையைத் தவராசாவிடமே விட்டுவிட அவருக்குச் சம்மதம். பாத்திரம் கழுவ வந்தவர், பிறகு வெங்காயம் உரித்து, பிறகு அடுப்பைப் பிடித்து, இப்போது யானி இல்லாத நாளிலும் கடையை ஓட்டுகிறார். ஆனால் அம்மாள் சரி சொல்ல வேண்டும். தன் புருஷனின் அடுப்பில் யார் நிற்கிறான், அவன் சமைப்பது கிரேக்கச் சாப்பாடுதானா என்று பார்க்க அவர் வியாழக்கிழமை ரயிலில் வருகிறார். பிடிக்காவிட்டால் இடம் பக்கத்துச் சலவை இயந்திரக் கடைக்காரருக்குப் போய்விடும். அவர் சுவரை இடிக்க ஆள் பார்த்து வைத்திருக்கிறாராம்.

“கடை கையிலை வந்தால்தான் அண்ணை, மனிசியையும் பிள்ளையையும் கூப்பிட ஏலும்,” என்றார் தவராசா. “கிரேக்கச் சாப்பாடெண்டு அந்த அம்மா சொல்ல வேணும். அவ்வளவுதான்.”

நான் எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சரித்திரம்தான். மாசிடோனியர்களையே கிரேக்கர்கள் தங்களில் சேர்த்துக்கொள்ளவில்லை என்றேன். நம் அலெக்சாந்தருக்குப் பல தலைமுறை முந்திய ஒரு ராஜா, அவன் பெயரும் அலெக்சாந்தர்தான், ஒலிம்பிய ஓட்டப் பந்தயத்துக்குப் போய் நின்றபோது, இது கிரேக்கருக்கு மட்டும் என்று சொல்லி மறித்தார்களாம். தன் குலம் ஆர்கோஸ் நகரத்திலிருந்து வந்தது என்று நிரூபித்த பிறகுதான் ஓட விட்டார்களாம்.

தவராசா கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார். “அப்ப அவரும் பேப்பர் இல்லாமல்தான் வந்து நிண்டவரோ?”

“அப்படித்தான் வச்சுக்குங்க.”

“ஓடி வெண்டவரோ?”

“முதல் ஆளோடு சமமா வந்தானாம்.”

“காணும்,” என்று, அதுவே போதும் என்கிற பாவனையில், கத்தியை மறுபடி எடுத்தார். “சமமாய் வந்தால் காணும்.”

செவ்வாய்க்கிழமை காலை என் படையெடுப்பு தொடங்கியது. வழி கேட்டு, மாறி மாறி ரயில் ஏறி, அருங்காட்சியகத்தின் முன்னால் போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் விடுமுறையாம். நம் ஊரில் செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள். யாரோ இவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

பசித்தது. ஒரு சின்ன உணவகத்தில் நுழைந்து பட்டியலைப் பார்த்தால் ‘மசெதுவான்’ என்று ஒரு பதார்த்தம். மாசிடோனியா என்றேதான் பொருள். மெய்சிலிர்த்து அதைக் காட்டினேன். வந்தது: காரட், பீன்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்கி முட்டைக் குழம்பில் புரட்டிய ஒரு குளிர்ந்த கலவை. அலெக்சாந்தரின் ராஜ்யத்தில் பல சாதி ஜனங்கள் கலந்து கிடந்ததால் கலவைக்கே அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உலகத்தை வென்றால் கடைசியில் காரட்டாகத்தான் மிஞ்சுவோம் என்பது தெரிந்திருந்தால் அவன் கங்கைக்கரை வரை ஆசைப்பட்டிருக்க மாட்டான். எனக்கு அது உப்பில்லாமலும் பிடித்திருந்தது. இரத்த அழுத்தம் காரணமாக மருத்துவர் எனக்கு உப்பை நிறுத்திச் சில வருஷங்களாகின்றன. இந்தத் தகவலை இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவரிடம் உரிய காலத்தில் சொல்லவில்லை.

புதன்கிழமை மறுபடியும் கிளம்பினேன். லா ஷப்பல் மேடையில் எதிர்ப்பக்க ரயிலில் ஏறி, நகரத்தின் மறுகோடிக்குப் போய் இறங்கினேன். என் பக்கத்து இருக்கைக்காரி கோட்டின் வாசனை தாங்காமல் ஜன்னலைத் திறந்தாள். பிறகு தன்னுடைய ஊர் அல்ஜியர்ஸ் என்றும், தன் வீட்டிலும் இந்த வாசனை வரும் என்றும் சொன்னதாக நினைக்கிறேன். ஜாடையில் பேசிக்கொண்டோம். ஜன்னலை மட்டும் அவள் மூடவில்லை.

திரும்பி வந்து, சரியான ரயில் பிடித்து, அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. காவலர் ஒருவர் கொட்டாவி விட்டபடி என் பின்னாலேயே வந்தார். இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க, ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றேன்.

அந்தத் தலை என் உள்ளங்கை இரண்டை விரித்தால் அடங்கும் அளவுதான். நேரான மூக்கு. அலை அலையாக வாரிய முடி. மூடியும் மூடாத கண். அதைச் செதுக்கியவன் அலெக்சாந்தர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால் பிறந்தவன். கிரேக்க தேசத்தின் திசையில் தலைவைத்துப் படுத்ததுகூடக் கிடையாது. அலெக்சாந்தர் ஆங்காங்கே விட்டுப்போன சிப்பாய்களும் கொத்தர்களும் கூத்தாடிகளும் அந்தந்த ஊரில் பெண் எடுத்து, நாடகக் கொட்டகை கட்டி, ஒலிவ எண்ணெய் கிடைக்காமல் திண்டாடி வாழ்ந்த பிறகு, அவர்களைப் பார்த்தவனைப் பார்த்து இவன் கற்றுக்கொண்ட மூக்கு அது. ஏதென்சிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, ‘அப்பனே, இது கிரேக்க மூக்குதானா?’ என்று தாடையைத் தடவியிருந்தால் அந்தச் சிற்பி என்ன பதில் சொல்லியிருப்பான்? காவலர் சாவிக்கொத்தை ஆட்டினார். சிற்பியை விட்டுவிட்டு நான் தவராசாவை நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

வியாழக்கிழமை கடையில் கல்யாணக் களை. எலேனி அம்மாளுக்கென்று தவராசா ‘முசாக்கா’ செய்தார். கத்தரிக்காயை வட்டமாக அரிந்து பொரித்து, கொத்திய ஆட்டிறைச்சியை அடுக்கி, மேலே பாலும் மாவும் சேர்த்த வெள்ளைக் குழம்பை ஊற்றி, ஓவனில் வைத்துச் சிவக்கவிடுகிற பண்டம். அறைத் தோழர்கள் வரிசையாக வந்து யோசனை சொன்னார்கள். எல்லோருடைய யோசனையும் ஒன்றுதான்: கொஞ்சம் தூள் போடு. தவராசா சிவமலரின் பொட்டலத்தை எடுத்து அலமாரியில் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தார். “நான் கேட்டாலும் தராதேங்கோ,” என்றார்.

மொழிபெயர்ப்புக்காக நகரத்துக்கு வெளியே உள்ள ஸ்தேனிலிருந்து லூர்துசாமி வந்திருந்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். தொப்பியும் கைத்தடியுமாக, தமிழிலும் பிரெஞ்சு மரியாதை விடாமல் பேசுவார். தவராசாவின் பிரெஞ்சு முழுவதும் சமையலறையில் கற்றது. வெட்டு, கழுவு, கொண்டா, தீய்ந்துபோச்சு, சனியனே: இவற்றை அவர் பாரிஸ்காரனைப்போலச் சொல்வார். ‘அம்மா, வாருங்கள், பயணம் சௌகரியமா?’ என்பது அந்தப் பாடத்தில் வரவில்லை.

எலேனி அம்மாள் வரவில்லை. எல்லையில் எங்கோ ரயில்காரர்கள் வேலைநிறுத்தமாம். மறுநாள் மதியம்தான் வண்டி வரும் என்று யானி தொலைபேசியில் விசாரித்துச் சொன்னார். முசாக்காவை அறைக்கு எடுத்துப் போனோம். தோழர்கள் நான்கு வாயில் முடித்தார்கள். அலமாரிச் சாவி எப்படி என் சட்டைப்பையை விட்டுப் போனது என்று எனக்குத் தெரியாது; முசாக்கா மட்டும் சிவப்பாகி இருந்தது.

ஆக, அம்மாள் வருவது வெள்ளிக்கிழமை என்று ஆயிற்று. அதன் பொருள் எனக்கு மறுநாள் காலைதான் விளங்கியது. தவராசா விடியற்காலையில் தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, அறை மூலையில் இருந்த முருகன் படத்தின் முன்னால் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றார். வெள்ளிக்கிழமைகளில் அவர் சைவம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம்தான்; ஆனால் ஆட்டிறைச்சி சுழலும் கடையில் நின்றுகொண்டு அதைக் காப்பாற்ற ஒரு தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. கறியை அவர் கையால் சமைப்பார், வாயில் வைக்கமாட்டார். உப்பு, புளிப்பு எல்லாம் யானி பார்த்துச் சொல்வார். தவராசாவுக்கென்று ஒரு சின்னச் சட்டி, ஒரு அகப்பை, மேல் தட்டில் தனியாக இருக்கும். அதில் பருப்பு வேகும். அந்தச் சட்டியை வேறு யாரும் தொடுவதில்லை.

அன்றைக்கு யானி அம்மாவை அழைத்துவரக் கிழக்கு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார். மறுபடியும் முசாக்கா அடுக்க வேண்டும். கொத்திறைச்சி கொதித்தது. தவராசா கரண்டியை என்னை நோக்கி நீட்டினார்.

“அண்ணை, உப்புப் பாருங்கோ.”

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் வந்த நாளிலிருந்து மெத்தையையும் சோற்றையும் ஒரு பயனும் இல்லாமல் அனுபவித்துக்கொண்டிருந்தவன் நான். முதல்முறையாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வாங்கி, வாயில் வைத்து, கண்ணை மூடினேன். வருஷக்கணக்கில் உப்புக் காணாத நாக்குக்கு அது கடலாகத் தெரிந்தது. “போதும், கூட இருந்தாலும் இருக்கும்,” என்றேன். அவர் நம்பிவிட்டார், உப்பு டப்பாவை மூடிவிட்டார்.

எலேனி அம்மாள் மதியம் வந்தார். கறுப்பு உடை, கறுப்புத் தலைத்துணி, ஒரு பிரம்புக் கூடை. கடைக்குள் நுழைந்ததும் யாரையும் பார்க்காமல் சுவர், விளக்கு, நாற்காலிக் கால்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். புருஷனுடைய படத்தைச் சற்று நேராக்கினார். நாற்காலியில் அமர்ந்தார். லூர்துசாமி தொப்பியைக் கழற்றி ஒரு வரவேற்புரை தொடங்கினார். அம்மாள் அவரையும் நாற்காலிக் கால்களைப் பார்த்ததுபோலவே பார்த்தார்.

முசாக்கா வந்தது. அழகாகச் சிவந்திருந்தது. அம்மாள் நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். தட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். யானி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமையாம்,” என்று லூர்துசாமி என் காதில் சொன்னார். “அந்தம்மா விரதமாம். கறி, பால், முட்டை ஒண்ணும் தொடமாட்டாங்களாம். அவங்க சர்ச்ல வெள்ளிக்கிழமைன்னா அப்படியாம். இந்த ஆளு மறந்துட்டாராம்.”

பிரயாணம் செய்கிறவர்களுக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று யானி வாதாடினார் போலிருக்கிறது. பிரயாணம் முடிந்துவிட்டது என்று அம்மாள் பதில் சொன்னார் போலிருக்கிறது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, ரொட்டியும் ஒலிவக்காயுமாவது கிடைக்குமா என்று தானே சமையலறைக்குள் நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். லூர்துசாமி மட்டும், வீணாகப் போகவேண்டாமே என்று, அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

அடுப்பின் ஓரத்தில் அந்தச் சின்னச் சட்டி. அம்மாள் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பருப்பு. இதை ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று கேட்டார். அவர் கிரேக்கத்தில் கேட்க, யானி பிரெஞ்சில் சொல்ல, லூர்துசாமி தமிழாக்க, தவராசாவின் பதில் அதே படிகளில் ஏறித் திரும்பிப் போகவேண்டும். தட்சசீலத்தில் திகம்பரச் சந்நியாசிகளிடம் ஞானம் கேட்டுவர அலெக்சாந்தர் ஆள் அனுப்பினானாம். அந்த ஆளுக்கும் மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். சேற்றில் புகுந்து வரும் தண்ணீர் தெளிவாக வரும் என்று எதிர்பார்க்காதே என்று சந்நியாசி முன்கூட்டியே எச்சரித்தாராம். எங்களை எச்சரிக்க யாரும் இல்லை.

தனக்கும் வெள்ளிக்கிழமை விரதம் என்று தவராசா சொன்னார். சட்டி வேறு, அகப்பை வேறு என்று காட்டினார். அது படியேறிப் போய்ச் சேர்ந்ததும் அம்மாள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் வியர்வைக்குத் தப்பியிருந்த திருநீற்றைப் பார்த்தார். மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நீ கடைசியாக எப்போது விரதம் இருந்தாய் என்ற கேள்வி இருந்தது. யானி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

நாங்கள் கரை சேர்ந்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அம்மாள் இன்னொரு கேள்வி கேட்டார்.

“அப்ப அந்தக் கறிக்கு ருசி பாத்தது யாருன்னு கேக்குறாங்க,” என்றார் லூர்துசாமி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மெதுவாகக் கையைத் தூக்கினேன். இவர் யார் என்று கேட்டதற்கு, சரித்திரம் எழுதுகிறவர் என்று பதில் போயிற்று. அதே நேரத்தில் லூர்துசாமி, ஒரு வாய் முசாக்காவை விழுங்கிவிட்டு, வழக்கமான மரியாதையோடு யானியிடம் உப்பு டப்பாவைக் கேட்டார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

எலேனி அம்மாளின் குரல் உயரவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. யானி தரையைப் பார்த்துக்கொண்டு அதைப் பிரெஞ்சில் சொன்னார். லூர்துசாமி தட்டைக் கீழே வைத்தார். “தான் சமைச்சதைத் தானே ருசி பாக்காதவன் சமையல்காரன் இல்லைங்கிறாங்க. அவங்க புருஷன் இருந்திருந்தா ஒருநாள்கூட வச்சிருக்க மாட்டாராம்.”

நான் குறுக்கே விழுந்து, தப்பு என்னுடையது, என் இரத்த அழுத்தத்துடையது என்று ஏதோ உளறினேன். தவராசா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“அவவிட்டைச் சொல்லுங்கோ,” என்றார். “வெள்ளிக்கிழமை நான் கறியை வாயிலை வைக்கமாட்டன். கடை கிடைச்சாலும் வைக்கமாட்டன். கிடைக்காட்டிலும் வைக்கமாட்டன்.”

லூர்துசாமி தயங்கினார். “மிசியே தவராசா, இதை அப்படியேவா சொல்றது? கொஞ்சம் நயமா...”

“அப்படியே சொல்லுங்கோ.”

சொன்னார். யானி அதைக் கிரேக்கமாக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பாலத்தின் மேல் ஒரு ரயில் போய், அலமாரிக் கண்ணாடிகள் எல்லாம் நடுங்கி அடங்கின. அம்மாள் கேட்டுக்கொண்டார். மேல் தட்டிலிருந்து தவராசாவின் அகப்பையை எடுத்தார். பருப்பை அள்ளி ருசி பார்த்தார். அதே அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் விட்டுக் கலக்கினார்.

எச்சில். வெள்ளிக்கிழமைச் சட்டியில். யாழ்ப்பாணத்தில் இதற்காகச் சட்டியைத் தெருவில் போட்டு உடைத்த குடும்பங்களைச் சிவமலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தவராசாவின் தாடை ஒருமுறை இறுகியது.

அம்மாள் அதோடு விடவில்லை. அலமாரியிலிருந்து வினிகர்ப் புட்டியை எடுத்துச் சட்டியில் தாராளமாக ஊற்றினார். ஒலிவ எண்ணெயும் ஊற்றினார். மறுபடி கலக்கி, அகப்பையைத் தவராசாவிடம் நீட்டி, ஏதோ சொன்னார். இது வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, இதை நீ ருசி பார்க்கலாம், பார்த்துச் சொல் என்பதாக அது வந்து சேர்ந்தது.

பின்னால் நின்ற யானி, ‘நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு’ என்று உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஜாடையில் கெஞ்சினார். நானும் அதையே ஜாடை காட்டினேன். சிவமலரும் குழந்தையும் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

தவராசா அகப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். ஒரு சுத்தமான கரண்டியை எடுத்தார். கொஞ்சம் அள்ளி, உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்தார். யோசித்தார். இன்னொரு முறை வைத்தார்.

“த்ரோ த வினேக்ர்,” என்றார்.

வினிகர் கூடிப்போய்விட்டது. சமையலறைப் பிரெஞ்சு. எலேனி அம்மாளும் இதே அடுப்பில் நின்றுதான் பிரெஞ்சு கற்றிருக்கிறார் என்பதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அந்தக் கடையில் அன்றைக்கு யாருடைய உதவியும் இல்லாமல் போய்ச் சேர்ந்த முதல் வாக்கியம் அது. லூர்துசாமி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அம்மாள் கரண்டியை வாங்கித் தானும் ருசி பார்த்தார். உதட்டைக் குவித்து நின்றார். பிறகு மகனிடம் சொன்னார். யானி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பிரெஞ்சில் சொன்னார்.

“அவங்க புருஷனும் காலம்பூரா இதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாராம்,” என்றார் லூர்துசாமி. “அவர் சொன்னதையும் இந்தம்மா ஒத்துக்கிட்டது இல்லையாம்.” கொஞ்சம் கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். “கடையை இவரே நடத்தட்டுங்கிறாங்க. கறி வைக்கிறது கத்துக்கலாம், ருசியில பொய் சொல்லாத நாக்கு வாங்கக் கிடைக்காதாம். ஆனா ஒண்ணு. வெள்ளிக்கிழமை அவங்க புருஷன் கடையில இனிமே இறைச்சி சுத்தக்கூடாதாம்.”

யானி பதறிப்போனார். வெள்ளிக்கிழமைதான் வியாபாரம், கூலி வாங்கிய கையோடு எல்லோரும் வரும் நாள், இது நடக்கிற காரியமா என்று இரண்டு மொழிகளில் மாற்றி மாற்றிச் சொன்னார். லூர்துசாமி அதைத் தமிழில் தொடங்குவதற்குள் தவராசா முன்பக்கம் போய்விட்டார். சுழன்றுகொண்டிருந்த கம்பியின் விசையை அணைத்தார். இறைச்சி இன்னும் பாதிச் சுற்று சுற்றி நின்றது. வேலை உடுப்போடு ஒரு ஆள் அப்போதுதான் கதவைத் தள்ளி உள்ளே வந்து, வழக்கமான இடத்தில் கையை ஊன்றி, வழக்கமானதைக் கேட்டார்.

இன்றைக்கு இறைச்சி இல்லை என்றார் தவராசா.

அந்த ஆள் நின்றுபோன கம்பியைப் பார்த்தார். பெயர்ப் பலகையைப் பார்ப்பதற்காக வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சி, உள்ளே என்ன வாசனை என்று கேட்டார். தவராசா உள்ளே வந்து, எச்சில் பட்ட சட்டியை ஒரு கணம் பார்த்துவிட்டு, அதிலிருந்தே ஒரு கிண்ணம் பருப்பும் ரொட்டியும் எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தார். அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

எலேனி அம்மாள் சமையலறையிலிருந்து வந்து அந்த மேசையில் வினிகர்ப் புட்டியை வைத்தார். தவராசா அதை எடுத்து அடுத்த மேசையில் வைத்தார். அம்மாள் போய், அதைத் திரும்ப எடுத்துவந்து, முன்பு வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.